முந்நூறு வோல்ட்டும் ஒரு நகப்பாலிஷ் பாட்டிலும்

போன பிறகும் என்னைத் திருத்துவதை விடாத என் அன்பு மச்சானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பீர்கள், குறுக்கே பேச நான் அங்கே இல்லையே. என் மிளகாய்க்கு நேற்று முதல் ஒழுங்காகத் தண்ணீர் பாய்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்; அதனால் நாலு பேர் படிக்கவே எழுதுகிறேன்.

உத்தரகோசமங்கையில் என் பேத்தியின் காதுகுத்து நினைவிருக்கிறதா? வயலில் அப்போதுதான் சோலார் மோட்டார் போட்டிருந்தேன். உச்சி வெயிலில் பேனல்கள் சேர்ந்து முந்நூறு வோல்ட் டிசி மின்சாரம் தரும். மேகம் மூடினால் வோல்ட் சரிந்து மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். அதை அளந்து மோட்டாரை நிறுத்தவும் ஓட்டவும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லு ஒன்றை வைத்துப் பெட்டி செய்துகொண்டிருந்தேன். அந்தச் சில்லின் காலுக்கு ஐந்து வோல்ட்டுக்கு மேல் ஆகாது. முந்நூறை எப்படி இறக்குவது? பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகக் கற்றவன் நான். அன்று பந்தியில் உங்களிடம் பெருமையாக ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக் காட்டினேன்.

பந்தியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

"மாப்ள, டிரான்ஸ்பார்மருக்குக் கரண்டு கடலு மாதிரி ஏறி எறங்கணும். டிசிங்கிறது ஊருணித் தண்ணி. நீ ஊருணிக் கரையில ஒக்காந்து அலை வரும்னு பாக்குற!"

அதோடு விட்டீர்களா? காதுகுத்துப் பத்திரிகையின் முதுகில் படம் போட்டீர்கள். மேலே வரிசையாக ஐந்து ரெசிஸ்டர், மொத்தம் பத்து லட்சம் ஓம். கீழே ஒன்றே ஒன்று, பத்தாயிரம் ஓம். அந்தக் கீழ் ஒன்றின் குறுக்கே அளந்தால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் வரும். முந்நூறு மூன்றாகிவிடும்.

"மேல ஒண்ணு போதாதா?" என்றேன்.

"சப்பரத்த ஒருத்தனாத் தூக்குவான்? அஞ்சு பேரு பகுந்துக்கட்டும். முடிச்சதும் போர்டுல நகப்பாலிஷ் பூசு. இல்லைன்னா உப்புக்காத்து ஏறிடும்."

"உப்புக்காத்து ஒங்க ராமேஸ்வரத்துல. அத இங்கன வந்து சொல்றீகளே!"

அப்படிச் சொல்லி எழுந்தவன்தான். பிறகு நான் உங்களோடு பேசவில்லை. மூன்று முறை போன் செய்தீர்கள். எடுக்கவில்லை. நான்காவது போன் அக்காவிடமிருந்து வந்தது.

உங்களை நாலு பேர் தூக்கினோம். என் தோளில் கால் பங்குதான் இறங்கியது. பகிர்ந்துகொள்வதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.

படத்தில் உள்ளபடியே ஐந்தும் ஒன்றும் வைத்தேன். நகப்பாலிஷ் மட்டும் பூசவில்லை. மீசை நரைத்தவன் போய் அதைக் கடையில் கேட்பதா? முதல் சில்லு, பனி பெய்த ஒரு காலையில் செத்தது. இரண்டாவது நாலே நாள். மிளகாய் பூவெடுத்து நிற்கிறது; மோட்டார் ஓடவில்லை; இலை சுருள்கிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக ஓட்டச் சொன்னான் என் மகன். அப்புறம் நான் எதற்கு?

போன வாரம் அக்கா வந்தாள். மோட்டார் ரூமில் கழற்றி வைத்திருந்த போர்டை விரலால் தடவி நாக்கில் வைத்தாள்.

"ஏலே, உப்புக் கரிக்குது."

"இங்கன ஏதுக்கா கடலு?"

அக்கா பெட்டி தொங்கிய ஆணிக்கு நேர் கீழே கையைக் காட்டினாள். தென்னைக்குப் போட வாங்கி வைத்த உப்பு மூட்டை.

கடல் என்னைத் தேடி வரவில்லை, மச்சான். நானே மூட்டை கட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பனி ஈரத்தோடு உப்புப் படிந்து, அந்த ஐந்து பேரையும் தாண்டிக் குறுக்கு வழியில் வோல்ட் சில்லுக்குப் போயிருக்கிறது.

அப்போதுதான் அக்கா பைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்தாள்.

"ஒன் மச்சான் ஒனக்குன்னு வாங்கி வச்சாரு. நாந்தேன், இந்த வயசுல எவளுக்கு வாங்குனீகன்னு ரெண்டு நாளு சோறு போடல. 'ஒந் தம்பிக்குத்தேன்'னாரு. எவ நம்புவா?"

சிரித்துச் சிரித்து அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த மூன்று போனும் இதைச் சொல்லத்தானா, மச்சான்?

மூட்டையை வெளியே தூக்கினேன். போர்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுச் சில்லு மாட்டி, இரண்டு பூச்சு பூசினேன். ஓடுகிறது.

ஆனால் சிவப்பு வாங்கியது உங்கள் தப்பு. ரெசிஸ்டரின் நிறக்கோடுகள் எல்லாம் மறைந்துபோயின. எது என்ன மதிப்பு என்று இனி எவனும் சொல்ல முடியாது. நிறமில்லாததை வாங்கியிருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் திதிதோறும் அந்தப் போர்டுக்கு ஒரு பூச்சு பூசுவேன். நிறமில்லாத பாட்டிலை நானே கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவேன். யாருக்கு என்றால் என் மச்சானுக்கு என்பேன். எவன் நம்பாவிட்டால் என்ன? போன் அடித்தால், யாராக இருந்தாலும், முதல் மணியிலேயே எடுப்பேன்.

முந்நூறு தப்பில் மூன்றை மட்டும் ஒப்புக்கொள்ளும்,
உங்கள் மாப்பிள்ளை