கீற்றைப் பிரித்த மத்தியானம்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
7-6-1969

என் அருமை மகன் அருள்பிரகாசத்துக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. பிலாய் இரும்பாலையில் அந்த உலை வெக்கைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று தினமும் காலைப் பூசையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். ஞானமும் உன் மகளும் சுகம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் மேலே படி. உன் கடிதம் நேற்று வந்தது. நாள் இருக்கும்போதே ஏன் பிரசவம் ஆயிற்று, தந்தியில் சுகம் என்று மட்டும் போட்டுவிட்டு எதை மறைக்கிறீர்கள் என்று கோபமாக எழுதியிருக்கிறாய். மறைக்கவில்லை அப்பா, எழுத உட்கார நேரமில்லை, உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நீ பொங்கலுக்கு வந்தபோது ஓடு ஒழுகுகிறது, எடுத்துவிட்டு சிமிட்டி ஷீட்டு போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அப்பா ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்திலேயே ஆள் வைத்துப் போட்டுவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இனி மழைக்கு அண்டாவும் சட்டியும் வைக்க வேண்டாம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் சித்திரை பிறந்ததும் தெரிந்தது. பத்து மணிக்கே அறைக்குள் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடும், கடல்காற்று வருகிறவரை உள்ளே ஒரு ஆள் இருக்க முடியாது. கத்திரி தொடங்கிய பிறகு ஞானம் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். ஒரு தடவை அம்மிக்குப் பக்கத்தில், தலை அதில் படாமல் போனது ஆண்டவர் செயல். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அவள் அப்பா ராசையா சொன்னதை, எர்ணாவூரிலிருந்து ஆஸ்பத்திரி தூரம், இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று நான்தான் பேசி நிறுத்தி வைத்திருந்தேன், உனக்கும் தெரியும். அதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குப் பதில் சொல்வது என்று எனக்குத் தூக்கமே இல்லை. அப்பா ஹார்பரிலிருந்து வருகிற வழியில் டோல்கேட் பக்கம் போய் ஒரு வண்டி தென்னங்கீற்று வாங்கி வந்து ஷீட்டின் மேல் பரப்பி, கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். அன்றைக்கே வீடு குளிர்ந்துவிட்டது. ஞானம் மத்தியானத்தில் கொஞ்சம் கண் அயர்ந்தாள்.

பக்கத்து வீட்டு எத்திராஜுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. சந்தில் நின்று அப்பாவிடம், "இன்னா நைனா, இந்த வெயில்ல போய் கீத்தப் போட்டுகினு கீறே, பின்னாடி பூரா குடிசை, ஒரு பொறி பறந்து வந்தா சந்தே பூடும்" என்று சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் நாலு பேர் நிற்கும்போது சொன்னான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மருமவ மயங்கி மயங்கி வுழுறா, அவ வயித்துல கீறது உன் வூட்டுப் புள்ளையா, உன் வேலையப் பார்த்துகினு போ" என்று கேட்டுவிட்டார். எத்திராஜ் உள்ளே போய்விட்டான். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. குழாயடியில் அவன் பெண்டாட்டி என் குடத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ சின்னப் பையனாக இருந்ததிலிருந்து பழகிய வீடு, எனக்கு அது ஒரு பக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரசவமான அன்றைக்கு அப்பாவுக்குப் பகல் டூட்டி. சோறு வடித்துவிட்டு நான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, கடல்காற்று இன்னும் திரும்பவில்லை. முதலில் வாசனைதான் வந்தது, யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பின்பக்கம் ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளிலிருந்து ஒரே கூச்சல். எழுந்து பார்த்தால் கரும்புகை நம் சந்துப் பக்கமே சாய்ந்து வருகிறது, அதற்குள் சிவப்பாகப் பொறிகள் பறக்கின்றன. எந்த வீட்டு அடுப்பு என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தலைக்கு மேலே ஒரு வண்டி காய்ந்த கீற்று, உள்ளே நிறைமாதத்துக்கு நெருங்கிய பெண். ஞானத்தை எழுப்பி வெளியே இழுத்து வந்தேன், அதற்குள் எத்திராஜ் கையில் அரிவாளோடு நம் வாசலுக்கு வந்துவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அவனைப் பார்த்துப் பயந்தேன். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, "யக்கா, ஞானத்த கோயிலாண்ட இட்டுகினு போ, நான் மேல ஏறுறேன்" என்று சொல்லிக்கொண்டே சுவரில் கால் வைத்து ஏறிவிட்டான்.

ஷீட்டு ஓடு மாதிரி இல்லை, ஆணி அடித்த வரிசையின் மேல்தான் கால் வைக்க வேண்டும், அங்கேதான் அடியில் கட்டை இருக்கும், மற்ற இடத்தில் மிதித்தால் உடைந்துவிடும் என்று ஷீட்டு போட்டவர் சொல்லியிருந்தார். கீற்று மூடியிருந்ததால் எத்திராஜுக்கு ஆணி வரிசையே தெரியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து போய்க் கயிற்றை வெட்டி, ஒவ்வொரு கீற்றாக இழுத்துச் சந்தில் தள்ளினான். சந்தின் கடைசி வீட்டுக் கூரையில் பொறி விழுந்து பற்றிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். ஞானத்தைப் போ போ என்று சொன்னால் அவள் போகவில்லை. "அந்த அண்ணன் நம்ம வீட்டு மேல நிக்கிறாரு, நான் எப்படிப் போறது அத்தை" என்று கேட்டுவிட்டு, காலையில் பிடித்து வைத்த தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி வந்து கீழே விழுந்த கீற்றின் மேல் ஊற்றினாள். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள், நான் எழுதிவிட்டேன், நீ அவளைக் கோபித்து ஒரு வார்த்தை எழுதக் கூடாது. முக்கால்வாசி பிரித்திருப்பான், திடீரென்று படாரென்று ஒரு சத்தம். உள்ளே ஓடிப் பார்த்தால் ஷீட்டு உடைந்து எத்திராஜின் கால் தொடைவரை உள்ளே தொங்குகிறது, நேராக ஞானம் படுக்கிற கட்டிலுக்கு மேலே, ரத்தம் சொட்டுகிறது. மேலிருந்து, "யக்கா கால் மாட்டிகிச்சு, கீயேருந்து தள்ளு" என்று கத்துகிறான். நான் கட்டில் மேல் ஏறி அவன் பாதத்தை என் தோளில் வைத்துக்கொண்டு சர்வேசுரா சர்வேசுரா என்று மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். எனக்கு எங்கிருந்து அந்த பலம் வந்தது என்று தெரியவில்லை. கால் மேலே போனதும் அவன் இறங்கிவிடுவான் என்று நினைத்தேன், இறங்கவில்லை. மிச்சக் கீற்றையும் தள்ளிவிட்டுத்தான் இறங்கினான். கடைசிக் கீற்று சந்தில் விழும்போது அதன் நுனியில் தீ இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள்.

தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய இடமில்லாமல் முனையில் நின்று குழாயை இழுத்து அணைத்தார்கள். குடிசைகள் பாதிக்கு மேல் போய்விட்டன, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லி நாங்கள் சிலுவை போட்டுக்கொள்ளும்போதே ஞானம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது. எத்திராஜ் பெண்டாட்டிதான், பேசாமல் இருந்தவள்தான், ஓடிப் போய் ரிக்‌ஷாவை நிறுத்தி, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கோயிலில் சாயங்காலத் திரிகால ஜெப மணி அடிக்கும்போது குழந்தை பிறந்தது. எடை மிகவும் குறைவு, அழுகிற சத்தம் பூனைக்குட்டி மாதிரி. பிழைக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், பால் குடிக்கிறாள், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அப்பா ஹார்பரில் புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். மொட்டையாக நிற்கிற கூரையைப் பார்த்தார், சந்தில் கருகிக் கிடந்த கீற்றைப் பார்த்தார், நேராக எத்திராஜ் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாராம். "எத்திராசு, காலு எப்டி கீது" என்று கேட்டாராம். அவன், "காலு கெடக்குது நைனா, உன் ஷீட்டு ஒண்ண ஒடச்சிட்டேன்" என்று சொன்னானாம். அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். நான் கேட்டதற்கு அப்பா இல்லை என்கிறார்.

மறுநாள் ராசையா வந்தார். பேத்தியைப் பார்த்துவிட்டு, வார்டில் எல்லோர் முன்னாலும், "சம்பந்தியம்மா, எம்பிள்ளையையும் இந்தக் குழந்தையையும் அந்த ஷீட்டுக்கு அடியில இனி விடமாட்டேன், எர்ணாவூருக்குக் கூட்டிட்டுப் போறேன், மாப்பிள்ளைக்கு நானே எழுதிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வீடு தளம் போட்ட மெத்தை வீடு, அவர் பேசலாம். ஆனால் டாக்டரம்மா, குழந்தை தேறுகிறவரை வாரத்துக்கு இரண்டு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும், சூடு படாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எர்ணாவூரிலிருந்து அந்தப் பச்சைக் குழந்தையை வெயிலில் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவதா? ஞானம் தன் அப்பாவிடம், "வீட்டுக்குப் போகச் சொல்றவரைக்கும் பொறுங்க அப்பா, அதுக்குள்ள வீடு குளிரலைன்னா நானே உங்க கூட வர்றேன்" என்று சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து அப்பா லீவு போட்டுவிட்டு வீட்டு வேலைதான். சந்தில் இனி யாரும் கீற்றுப் போடுவதில்லை என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவாகிவிட்டது, அதனால் வேறு வழிதான் பார்க்க வேண்டியிருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கஞ்சியோடு கலக்கி ஷீட்டின் மேல் கெட்டியாக இரண்டு பூச்சுப் பூசினோம். அப்பா ஒரு பலகையை ஆணி வரிசைகளின் மேல் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்துதான் பூசினார், நான் கீழே ஜெபமாலையோடு நின்றேன். பூசிய அன்றைக்கு மத்தியானம் ஷீட்டின் அடியில் கை வைக்க முடிந்தது, முன்னெல்லாம் வைத்தால் சுட்டுவிடும். உடைந்த இடத்துக்குப் புது ஷீட்டு வாங்கக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். அந்த ஓட்டைக்குக் கீழே நின்று முந்தானையை உயர்த்தினால் துணி மேலே மேலே ஏறுவதை நான் பார்த்திருந்தேன், வெக்கை முழுவதும் அந்த வழியாகத்தான் போகிறது. அதை அடைக்காமல், மழை உள்ளே வராதபடி துண்டு ஷீட்டை ஒரு சாண் உயரத்தில் தூக்கிக் கட்டச் சொன்னேன். ஷீட்டுக்குக் கீழே அறை முழுவதும் உள்கூரை மாதிரி மூங்கில் தட்டி கட்டி, அதன் மேல் பாய் விரித்து, அந்த ஓட்டைக்கு நேரே மட்டும் திறந்து விட்டோம். மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. அடுப்பை எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டேன். இவ்வளவும் செய்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, மத்தியானமானால் உள்ளே போய் நின்று பார்ப்பேன், ஒரு நாள் பரவாயில்லை போலிருக்கும், மறுநாள் வேர்க்கும்.

முந்தாநாள் வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து ஞானத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நாள். ராசையா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்தார், வேண்டுமென்றே உச்சி வெயிலில் வந்தார். காபி வேண்டாம் என்றார். சட்டையைக் கழற்றவில்லை, விசிறி கொடுத்தேன், அதையும் வாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நான் இங்கன ஒரு மணி நேரம் இருந்து பார்க்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் வெளியே நின்றோம். எத்திராஜும் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்து நம் வாசலில் உட்கார்ந்துகொண்டான். அப்பா வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தார், காய்ந்தால் மறுபடியும் தெளித்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேர்த்துக் கொட்டுகிறதோ, கோபமாக எழுந்து வருவாரோ என்று நான் வாசலுக்கும் சந்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் எத்திராஜ்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, மெதுவான குரலில், "தூங்கிகினு கீறாரு" என்று சொன்னான்.

வெயில் தாழ்ந்த பிறகு அவரே எழுந்து வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சேலைத் துணி ஏதாவது மெல்லிசா இருந்தா எடுங்க, குழந்தைய அதுல பொதிஞ்சு இங்கனயே கொண்டுவருவோம்" என்றார். இப்போது ஞானமும் உன் மகளும் உள்ளேதான் படுத்திருக்கிறார்கள், நான் பின்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ கவலைப்பட்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, ஞானஸ்நானத்துக்கு முறையாக லீவு கேட்டு வா. அதுவரை உலையிலிருந்து வந்ததும் சட்டென்று பச்சைத் தண்ணீரில் தலையை நனைக்காதே, உப்புப் போட்டு மோர் குடி. எத்திராஜுக்குத் தனியாக ஒரு கார்டு எழுது, மறக்காதே. பேர் என்ன வைப்பது என்று ஞானம் கேட்கச் சொன்னாள், சாமியாரிடம் சொல்ல வேண்டும், சீக்கிரம் எழுது. மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு
உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா
ச. இருதயம்மாள்