மெமோவில் இருந்த பெயர்

அக்கா,

இன்று காலை பல்கலைக்கழகத்திலிருந்து தபாலில் ஒரு சிறப்பு மலர் வந்தது. பிரித்ததும் புது மை வாசனை. நாம் வேலை பார்த்த மாணவர் நல அலுவலகத்தின் வரலாறாம். முதல் பக்கம் முழுக்க அந்த வெளிநாட்டு ஆலோசகரின் படம். கீழே, "மாணவர்களுக்கு வீடு தேடிச் சென்று உதவும் முறையைக் கொண்டுவந்தவர்" என்று போட்டிருக்கிறார்கள். அடையாறு வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எதைக் கொண்டுவந்தார் என்று நமக்குத் தெரியாதா? சாத்திய கதவு, ஆங்கிலத்தில் ஒரு படிவம், எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரம் சந்திக்க ஒரு நேரம். மாணவர் தானாக வர வேண்டும், நாம் தேடிப் போகவே கூடாது என்றார். அவர் ஊருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். நம் அதிகாரிகள் எதையும் யோசிக்காமல் தலையாட்டினார்கள். நீங்கள் கடைநிலை ஊழியர், நான் டைப்பிஸ்ட். நம்மை யார் கேட்டார்கள்?

பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். படிவத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றும் எழுதாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இன்னாமா இது, எழுதிக் குடுத்தாத்தான் அழுவணுமா?" என்று என்னிடம் கத்திவிட்டு, உச்சி வெயிலில் பஸ் பிடித்து அவள் வீட்டுக்கே போனீர்கள். சாயங்காலம் அவளைக் கையோடு கூட்டிவந்து துறைத்தலைவர் முன்னால் நிறுத்தினீர்கள்.

"இதோட அம்மா படுத்த படுக்கையா கீது சார். பாத்துக்க வேற ஆளே இல்ல. அதான் காலேஜுக்கு வர்ல. பரீட்ச எழுத வுடுங்க சார்."

வருகை குறைவு என்று தடுத்து வைத்திருந்த பரீட்சையை அவள் எழுதினாள். தேறினாள்.

உங்களுக்குக் கிடைத்தது மெமோ. அனுமதியில்லாமல் அலுவலகத்தை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டார்கள். அடுத்த மாதம் ஆலோசகரின் அறிக்கையில் அதே காரியம் அவருடைய புதிய திட்டமாகியிருந்தது. நான் கொதித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "வுடு பொண்ணே, அது பரீட்ச எழுதிச்சில்ல."

விட முடியவில்லை அக்கா. மலர் போட்டவர்களுக்கு ஒருவேளை தெரியாது. எனக்குத் தெரியும். மெமோ, அறிக்கை இரண்டையும் டைப் அடித்தது நான்தான். மெமோவில் உங்கள் பெயரை ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன். அறிக்கையில் அது இல்லை என்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கடைசி வரி வரை அடித்து முடித்தேன்.