மௌன அஞ்சலியில் சுருதிக்குக் குரல் கொடுத்த பாமாவைப் பள்ளியில் மீண்டும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நோரா பெர்னார்ட்,
சங்கீத ஆசிரியை (இப்போது ஒன்றாம் வகுப்பு ஆசிரியை),
ஞானோதயா தமிழ் ஆரம்பப் பள்ளி,
ஜீவனஹள்ளி, பெங்களூர்.

பெறுநர்:
உயர்திரு இன்ஸ்பெக்டர் அவர்கள்,
தமிழ்ப் பள்ளிகள் பிரிவு, கல்வி இலாகா,
பெங்களூர்.

பொருள்: நான்காம் வகுப்பு மாணவி பெ. பாமாவைப் பள்ளியிலிருந்து நீக்கிய உத்தரவை ரத்து செய்து, ஆண்டுப் பரீட்சைக்கு முன் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் சம்பளத்தைப் பற்றியோ, என்னிடமிருந்து எடுக்கப்பட்ட சங்கீத வகுப்பைப் பற்றியோ நான் முறையிட வரவில்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்ததற்காகப் பள்ளியை விட்டுத் துரத்தப்பட்டிருக்கிறாள். அதைத் தங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை. மனுவில் எங்காவது மரியாதை குறைந்து தெரிந்தால் அது தங்கள் மேல் உள்ள மனக்குறையால் அல்ல. மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

1. நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது சங்கீத அறை என்று ஒன்று இல்லை. சைக்கிள் கொட்டகையில் பாதியைப் பலகை வைத்து அடைத்து, இதுதான் உங்கள் அறை என்று காட்டினார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு நடந்தது. நாங்கள் பாடினால் அவர்களுக்கு வாய்ப்பாடு மறந்துவிடும். அவர்கள் வாய்ப்பாடு சொன்னால் எங்களுக்குத் தாளம் தப்பும். ஒரே ஒரு ஆர்மோனியம், அதுவும் எங்கள் சர்ச்சில் வேண்டாம் என்று ஒதுக்கியது, நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். அதை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு அறை நிறையப் பிள்ளைகளை எப்படி மேய்ப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே யோசித்து ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பிள்ளைகளை உயரப்படி உட்கார வைக்காமல் குரலைக் கேட்டு உட்கார வைத்தேன். சுருதியோடு சேரும் பிள்ளைக்குப் பக்கத்தில் சேராத பிள்ளை. ஜலதோஷம் பிடித்தவர்கள் ஜன்னலோரம். அன்றைக்கு அவர்களுக்குத் தாளம் மட்டும்தான். தாளத்தையும் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், பலகையைத் தாண்டிக் கேட்கக்கூடாது. திங்கட்கிழமை பாட்டே கிடையாது, காதுக்கு மட்டும் வேலை. ரயில் ஊதினால் அந்தச் சத்தம் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று கை காட்ட வேண்டும். பெரிய பாடத்திட்டம் இல்லை, ஐயா. ஆனால் என் அறையில் பிரம்பு கிடையாது, நான் கத்தியதும் கிடையாது. பள்ளியில் எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

2. கத்தாமல் எப்படி அடக்கினேன் என்பதுதான் இந்த வழக்கின் அடிப்படை. ஆர்மோனியத்தில் ‘ஸ’ என்னும் ஸட்ஜக் கட்டையை மட்டும் அழுத்திப் பிடிப்பேன். அந்தச் சுருதி காதில் விழுந்ததும், எந்த வேலையில் இருந்தாலும், விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று அதோடு சேர வேண்டும். சுருதி நிற்கும்வரை யாரும் நிறுத்தக்கூடாது. நின்றதும் அப்படியே உட்கார வேண்டும். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் முறை வைத்து என்னிடம் வருவதால், இந்தப் பழக்கம் பள்ளி முழுவதற்கும் பழக்கமாகிவிட்டது.

தலைமை ஆசிரியர் திரு. தேசிகன் அவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். சென்ற ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கொடியேற்ற வரவேண்டிய பிரமுகர் வெகுநேரம் வரவில்லை. பிள்ளைகள் வெயிலில் நின்று கூச்சல் போட ஆரம்பித்தார்கள். அப்போது ஆர்மோனியத்தை வெளியே தூக்கி வரச் சொல்லி, “உங்க மந்திரத்தைப் போடுங்கம்மா” என்று என்னிடம் சிரித்துச் சொன்னவர் அவர்தான். நான் கட்டையை அழுத்தினேன். மைதானமே ஒரே குரலாக அடங்கியது. அன்று எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். பிள்ளைகள் அதை மறக்கவில்லை. அவர் மட்டும் எப்படி மறந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

3. இனி பாமாவைப் பற்றி. கிழக்கு ரயில் நிலையக் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றும் பெருமாள்சாமியின் மகள். தாய் இல்லை. அவளுக்குத் திக்குவாய். பெயரைக் கேட்டால் ‘ப’ என்பதிலேயே நின்று, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஆசிரியர்களும், பாவம் என்று நினைத்தோ நேரம் போகிறது என்று நினைத்தோ, அவளைக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

பாடினால் அவளுக்குத் திக்காது. இதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். ஆஜர் எடுக்கும்போது எல்லாப் பெயரையும் ராகமாக இழுத்துக் கூப்பிடுவது என் வழக்கம். பிள்ளைகளும் அதே இழுப்பில் “உள்ளேன் டீச்சர்” என்று பாடுவார்கள். முதல் நாள் அவள் முறை வந்தபோது, திக்காமல், தண்ணீர் ஊற்றியது போல, பாடிவிட்டாள். பாடிவிட்டு அவளே திகைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து, சொல்ல வேண்டியது எதுவானாலும் என்னிடம் பாடியே சொல்லு கண்ணு என்று பழக்கினேன். ஸ்லேட்டுக் குச்சி தொலைந்ததையும் பாடுவாள், பசிக்கிறது என்பதையும் பாடுவாள். யாரும் சிரிக்கவில்லை. என் அறையில் பாடிப் பேசுவது ஒரு அதிசயமா என்ன?

அவள் தலை நிமிர வேண்டும் என்று அவளுக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தேன். சுருதி கேட்டதும் முதல் குரல் பாமாவுடையது. அவள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சேர வேண்டும். காலைப் பிரார்த்தனைக்கும் அப்படியே. அந்தப் பொறுப்பை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

4. சென்ற டிசம்பரில், நூல் நூற்கும் வகுப்புக்கு இடம் வேண்டும் என்று சங்கீத அறையை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றாம் வகுப்புக் கொடுத்தார்கள். ஆர்மோனியத்தை நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. உத்தரவு உத்தரவுதான் என்று ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். அந்த ஆர்மோனியத்தில் ஒரு கோளாறு உண்டு. குளிர் காலத்தில் ஸட்ஜக் கட்டை அமுங்கினால் தானாக எழும்பாது, விரலால் நிமிண்டி எடுக்க வேண்டும். எடுத்துப் போகிறவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். எந்த நாள் எடுத்துப் போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

5. ஜனவரி முப்பதாம் தேதி, காந்தியடிகள் நினைவு நாள். பதினொரு மணிச் சங்கு ஊதியதும் பள்ளி முழுவதும் மைதானத்தில் தலைகுனிந்து மௌனமாக நின்றோம். ஆகஸ்டில் தாமதமாக வந்த அதே பிரமுகர் அன்று நேரத்தோடு வந்து முன்னால் நின்றார். அந்த நேரம் பார்த்துத்தானா கைவண்டிக்காரன் வர வேண்டும்! பியூன் அப்பாதுரையும் அவனும், எங்களைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்று, சத்தமில்லாமல் கொட்டகையின் பின்புறமாக ஆர்மோனியத்தைத் தூக்கியிருக்கிறார்கள். தூக்கும்போது யார் கையோ கட்டையில் பட்டு அது அமுங்கிக்கொண்டது. துருத்தி விரிந்து மூடியது. அந்த மௌனத்தில், நீளமாக, சுருதி எழுந்தது.

ஐயா, நானும் அங்கேதான் நின்றேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாமா நிமிர்ந்தாள். வாயை மூடிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, குரல் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் பள்ளி முழுவதும் சேர்ந்துகொண்டது. ஒரு பிள்ளை சிரிக்கவில்லை, ஒரு பிள்ளை அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட மரியாதையான அஞ்சலியை நான் எங்கும் கேட்டதில்லை. ஆனால் பிரமுகர் முகம் சிவந்தது. தலைமை ஆசிரியர் நிறுத்து நிறுத்து என்று கத்தினார். பயந்து மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாமா நிறுத்தவில்லை. அப்பாதுரை பதறிப்போய் ஆர்மோனியத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் ஆட்டிக்கொண்டிருந்ததில் சுருதி இன்னும் வந்துகொண்டிருந்தது. சுருதி நிற்கும்வரை நிறுத்தக்கூடாது என்பது அவளுக்கு நான் வைத்த விதி.

6. தேசத்தந்தையை அவமதித்துவிட்டார்கள் என்று பிரமுகர் அங்கேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தலைமை ஆசிரியரிடம் ஓடி, இது ஆர்மோனியத்தின் சுருதி, பிள்ளைகளின் பழக்கம், ஆகஸ்டில் தாங்களே பார்த்தீர்களே என்றேன். அப்போது அவர் எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை. பிரமுகரின் ஆதரவு இல்லாவிட்டால் நிர்வாகத்துக்கு என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். அதையும் நான் மறுக்கவில்லை. அவர் பொல்லாத மனிதர் அல்லர்.

பாமாவை அவர் அறைக்கு அழைத்துப் போனார்கள். என்னை உள்ளே விடவில்லை, பாதி திறந்திருந்த கதவருகே நின்றேன். யார் சொல்லி இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவள் பதில் சொல்லப் பார்த்தாள். வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. திமிரைப் பார் என்றார். திரும்பவும் கேட்டார். அப்போது அந்தக் குழந்தை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில், இரண்டு விரலால் உள்ளங்கையில் தாளம் தட்டிக்கொண்டு, ஆஜர் சொல்லும் ராகத்தில் பாடினாள்: “நோரா டீச்சர் சொல்லித் தந்தாங்க, சார்.”

உண்மையைச் சொன்னாள், ஐயா. திக்காமல் சொன்னாள். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் வேறு எவரிடமும் அப்படிப் பேசியதில்லை. மிகவும் பயந்துபோய்த்தான் பேசியிருக்கிறாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்குள் அடி விழுந்துவிட்டது.

7. மறுநாளே அவளுக்கு டி.சி. கொடுக்கப்பட்டது. அதில் நடத்தை மோசம் என்றும், தேசிய அஞ்சலியைக் குலைக்கப் பிற மாணவர்களைத் தூண்டியவள் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவள் தகப்பனார் கூலியை விட்டுவிட்டு அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் ஏறி இறங்கினார். அந்த வரியைப் படித்ததும் எல்லோரும் கைவிரித்தார்கள். அவர் என்னைத் திட்ட வந்தார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “பொண்ணு வீட்ல பேச ஆரம்பிச்சிருந்துச்சும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாமா பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் கறுப்பு. நான் எப்போதும் போல ராகமாக இழுத்துப் பெயரைக் கூப்பிட்டேன். தலை நிமிர்ந்தது. உதடு அசைந்தது. உடனே அந்தக் கறுப்புக் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. முன்பு திக்கியாவது பேசிக்கொண்டிருந்தவள். இப்போது அதுவும் இல்லை என்று தகப்பனார் சொல்கிறார்.

8. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது: டி.சி.யில் எழுதிய அந்த வரியை அடித்து, பாமாவை நான்காம் வகுப்பிலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட வேண்டும். சங்கீத அறை வேண்டாம். ஆர்மோனியம் போன இடத்திலேயே இருக்கட்டும். அந்தப் பழக்கத்தைப் பள்ளியில் உண்டாக்கியது நான். அது குற்றமென்றால் அந்தப் பெயரையும் தண்டனையையும் எனக்கே கொடுங்கள். பிரமுகரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவும் எனக்குக் கூச்சமில்லை.

காலைப் பிரார்த்தனை மட்டும் இன்னும் என் பொறுப்பில் இருக்கிறது. ஆர்மோனியம் இல்லாததால் என் குரலாலேயே சுருதி கொடுக்கிறேன். கொடுத்ததும் பிள்ளைகள் பாட ஆரம்பிப்பதில்லை. நான்காம் வகுப்பு வரிசையில் பாமா நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இடத்தை யாரும் இன்னும் நெருங்கி அடைக்கவில்லை. முதல் குரல் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம். வராது என்று தெரிந்தும் நானும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காத்திருக்கிறேன். பிறகு நானே தொடங்குகிறேன். நேற்றுக் காலையும் அப்படித்தான்.

தாங்கள் நேரில் விசாரிக்க வருவதானால் ஒரே ஒரு விண்ணப்பம். அவளைப் பேசச் சொல்லாதீர்கள், பாடச் சொல்லுங்கள். பாடுவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பரீட்சைக்கு முன்பாக, தயவுசெய்து, ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சுருதி கொடுக்க நான் வருகிறேன்.

தங்கள் நல்லெண்ணத்தை நம்பி,

நோரா பெர்னார்ட்
(கையொப்பம்)

இடம்: ஜீவனஹள்ளி, பெங்களூர்
தேதி: 19 பிப்ரவரி 1957