ஒரு பந்தியும் ஒரு கையெழுத்தும்

மாம்புரி,
09.06.1996

அன்புள்ள ஞானேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. உடப்புத் திருவிழாக் கதையெல்லாம் எழுதியிருக்கிறாய், வரச்சொல்லி ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும், ஆடியில் கேட்காமலே வந்து நிற்பேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பந்தி எழுதுவிக்கிறது எப்படியென்று கேட்டாய். என் பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். 'கடல் பெரியது. கடலில் மீன் உண்டு. கடல் அழகானது.' அதோடு பேனையை வைத்துவிடுவார்கள். இடைவேளையில் பார்த்தால் அதே வாய்கள் மூடுவதில்லை. கதை இருக்கிறது, ஒரு வசனத்தை அடுத்த வசனத்தோடு கொழுவத்தான் தெரியவில்லை.

ஒரு நாள் 'போ' என்று மட்டும் பலகையில் எழுதினேன். அதன் பின்னால் ஒவ்வொரு வாலாகப் பூட்டினேன். போனதால், போயும், போகாமல். "அப்பா கடலுக்குப் போயும்..." என்று நிறுத்தினேன். றோசமேரி துள்ளி எழும்பி, "மீன் படயில்லை டீச்சர்!" என்றாள். 'போகாமல்' என்றதும் வகுப்பு முழுக்கக் காரணம் சொல்லுது: இஞ்சின் பழுது, நேவி விடயில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல். அந்த வால்தான் அடுத்த வசனத்தை இழுத்துவருகிறது, ஞானேஸ். அன்று எல்லாரும் ஒரு பந்தி எழுதினார்கள்.

கலண்டர் அட்டைகளை வெட்டி, பகுதியைச் சிவப்பிலும் விகுதியை நீலத்திலும் எழுதி, இடையில் கூட்டல் குறியும் போட்டு உனக்கு ஒரு தொகுதி செய்திருக்கிறேன். எறி, வலி, சுடு எல்லாம் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற சொற்கள். 'சுடு' சுட்டோம் ஆகும்போது ஒற்று இரட்டிக்கிறதையும் காட்டலாம், மீன் சுட்ட கதையும் எழுதலாம். உன் தம்பி கதிரவேலு கருவாடு ஏற்ற சனிக்கிழமை லொறியில் வருகிறானாம். அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

வின்சன்டும் பிள்ளைகளும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன்,
ஜீனி


உடப்பு,
19.06.1996

ஜீனி,

அட்டைகள் வந்து சேரவில்லை. தம்பியும் வந்து சேரவில்லை.

சந்தியில் ஆமிக்காரர் லொறியை மறித்திருக்கிறார்கள். கருவாட்டுச் சிப்பமெல்லாம் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் உன் பையைத் திறந்திருக்கிறார்கள். சொற்கள் துண்டு துண்டாக, இடையில் கூட்டல் குறி, இரண்டு நிற மை. கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் 'எறி'யையும் 'சுடு'வையும் பொறுக்கி எடுத்து, "இது என்ன சங்கேதம்?" என்று கேட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்துச் சாமான் என்று தம்பி சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

நேற்றுத்தான் பார்க்க விட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. அட்டைகள் எனக்காக வந்தவை என்று அவர்களிடம் சொன்னேன். "நீ அக்கா, அப்படித்தான் சொல்லுவாய். இது உன்ர எழுத்தா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

தம்பி என் காதுக்குள் சொன்னான்: "ஜீனி அக்கான்ர பேரை நான் சொல்லயில்லை. அவவிட்டக் கேட்டுப்போட்டு நீ சொல்லு." அடி வாங்கிக்கொண்டும் அதை நினைத்திருக்கிறான்.

நீ ஒருக்கால் வந்தால் போதும். "என்னுடைய எழுத்து, வகுப்புக்குச் செய்தது" என்று சொல். அவர்களுக்கு முன்னால் எழுதிக் காட்டு. நான் பக்கத்தில் நிற்பேன். கெதியாக வா.

ஞானேஸ்


மாம்புரி,
30.06.1996

அன்புள்ள ஞானேஸ்,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. புறப்படத்தான் வெளிக்கிட்டேன். சீலையும் கட்டிவிட்டேன். வின்சன்ட் வாசலில் நின்று, "நீ போனால் அவனை விடமாட்டாங்கள், உன்னையும் சேர்த்து வைப்பாங்கள். பிறகு என்ர பாஸ் என்னாகும்?" என்றார். நேவி பாஸ் இல்லாவிட்டால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். மூன்று பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?

அதிபரிடமும் கதைத்தேன். "பாடசாலையின் பேர் இதில் வரப்படாது டீச்சர், எங்கட பிள்ளைகளையும் யோசியுங்கோ" என்றார்.

கதிரவேலு ஒரு பிழையும் செய்யாதவன். அவர்களே விளங்கி விட்டுவிடுவார்கள். தலவில தேவாலயத்துக்குப் போய் அவனுக்காக மெழுகுதிரி கொளுத்தினேன். என் பெயரை இப்போதைக்குச் சொல்லாதே, ஞானேஸ். என்னை விளங்கிக்கொள்.

ஜீனி


உடப்பு,
11.07.1996

ஜீனி,

தம்பியைத் தெற்கே எங்கேயோ ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று அறியவே பொலிஸ், கச்சேரி என்று கந்தோர் கந்தோராக அலைந்தேன். நீ கொளுத்திய மெழுகுதிரியின் வெளிச்சம் அவ்வளவு தூரம் போயிராது.

உன் பயம் எனக்கு விளங்குகிறது. அதனால்தான் இப்போது உன்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நீ வீட்டில் இரு. ஒரு பந்தி எழுதித் தா. 'இவை நான் வகுப்புக்குச் செய்த அட்டைகள், கதிரவேலு கொண்டுபோக மட்டும் செய்தவர்' என்று எழுதிக் கீழே கையெழுத்து வை. சட்டத்தரணி அது போதும் என்கிறார். தேவைப்பட்டால் ஒழிய வெளியில் காட்டமாட்டார்.

பிள்ளைகளுக்குப் பந்தி எழுதப் படிப்பிக்கிறவள் நீ. உன்னிடம் ஒரு பந்திதான் கேட்கிறேன்.

உன் பெயரை நான் இதுவரைக்கும் சொல்லவில்லை. நீ ஓம் என்று சொல்லாமல் சொல்லவும் மாட்டேன். தம்பிக்குக் கொடுத்த வாக்கு.

ஞானேஸ்


மாம்புரி,
24.11.1996

அன்புள்ள ஞானேஸ்,

இவ்வளவு காலம் பதில் போடாததற்கு என்னை நீ என்னவும் சொல்லலாம். நாலைந்து தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். அந்தப் பந்தியையும்தான்.

போன சனிக்கிழமை கருத்தரங்கில் உன்னைக் கண்டேன். சொல்லுறுப்புகளைக் கொண்டு பந்தி எழுதுவிக்கும் முறையை மற்ற ஆசிரியர்களுக்கும் காட்டும்படி கல்வி அலுவலகம் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதிபர் விடவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது?

நான் அட்டைகளைப் பங்கிட்டுக்கொண்டு உன் வரிசைக்கு வரும்போது நீ எழும்பிப் போய்விட்டாய். பின்னால் ஓடி வரலாம் என்று பார்த்தேன், மேலதிகாரிகள் முன்னால் இருந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கதிரவேலு எப்படி இருக்கிறான்? திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்,
ஜீனி


உடப்பு,
16.03.1997

திருமதி யூஜீனியா வின்சன்ட் அவர்களுக்கு,

கதிரவேலு வீட்டுக்கு வந்துவிட்டான். கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் எழும்பிப் போனபோது என் பின்னால் ஒருவர் வந்தார். நீங்கள் அல்ல. ரம்ஸியா டீச்சர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை மன்னாரிலிருந்து துரத்தியபோது வந்து, இப்போது கற்பிட்டிப் பக்கம் அகதி முகாமில் படிப்பிக்கிறவர். முன்பின் தெரியாது. குழாயடியில் நின்று நான் அழுததைக் கண்டு, என்னவென்று கேட்டார். சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவரே தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு மண்டபத்தைப் பார்த்தார்.

அடுத்த தவணைக்கு நீதிமன்றத்துக்கு வந்து நின்றார். நீங்கள் பங்கிட்ட அட்டைகளையும், தன் முகாம் பிள்ளைகள் அவற்றை வைத்து எழுதிய பந்திகளையும் கொண்டுவந்திருந்தார். நீதவானுக்கு முன்னால், பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு தவணை இழுத்தார்கள். முடிவில் வழக்கு நிற்காது என்று விட்டுவிட்டார்கள்.

"எங்கட சனத்துக்காக நீங்கள் ஏன் வந்தீங்கள்? உங்களைத் துரத்தினதும் தமிழ் ஆக்கள்தானே" என்று ரம்ஸியா டீச்சரிடம் கேட்டேன். "அந்தக் கோபம் எனக்குப் போகயில்லை" என்றார். "ஆனா உங்கட தம்பி என்னைத் துரத்தயில்லையே." பிறகு, பஸ் போய்விடும் என்று அவசரமாக நடந்துவிட்டார். ஒரு தேத்தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

தம்பிக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. இனிச் சிப்பம் தூக்கமாட்டான். கதவு சாத்தினால் திடுக்கிடுகிறான். நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான்: "அக்கா, ஜீனி அக்காவோட கோவிக்காத. அவவுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"ஓம், கோவிக்கயில்லை" என்று சொன்னேன். அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

அவனுக்காகச் சொன்ன பொய் அது. உங்களுக்கும் அதையே எழுத என்னால் முடியாது. எனக்கு ஆறவில்லை. இனிக் கடிதம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
க. ஞானேஸ்வரி