நாலாவது வண்டு

தீதி,

நேற்று மருமகள் பெஹாலா நர்சரியிலிருந்து ஒரு பூந்தொட்டி வாங்கி வந்து பால்கனியில் வைத்தாள். மஞ்சளும் ரோஸுமாகச் சின்னச் சின்னப் பூ. இலையைக் கசக்கி முகர்ந்தேன். நம்முடைய புட்டுஸ். வெட்ட வெட்ட முளைத்து உங்களையும் என்னையும் பாடாய்ப் படுத்தியதற்கு இப்போது தொட்டி, தினம் தண்ணீர். நீங்கள் போய்விட்ட சேதி வந்து ஒரு மாதமாகிறது. அந்த வாடையில்தான் முதல்முறையாகச் சிரித்தேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் மாலி, தோட்ட வேலை. பின்னால் இருந்த காட்டில் பாதியைப் புட்டுஸ் மூடியிருந்தது. ஜாதவ்பூரில் பூச்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நீங்கள் ஒரு குடையும் பன்னிரண்டு கண்ணாடி டம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நீங்களும் தமிழ் என்பதால், தமிழ்க்காரன் என்று என்னை ஒத்தாசைக்கு அனுப்பினார்கள். வயதில் சின்னவரான உங்களை ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்ற பொருளில் தீதி என்றேன். நீங்கள் என்னை அண்ணே என்றீர்கள்.

முதல் நாளே, “கொஞ்சம் உண்ணி கொண்டு வாங்க அண்ணே” என்றீர்கள். நான் பால்காரர் கொட்டகைக்குப் போய் ஒரு எருமையின் காது மடல் முழுக்க வழித்து, தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன்.

“என்னண்ணே இது, நடக்குது?”

“உண்ணின்னா நடக்காம? பால்காரர் நாளைக்கும் வரச் சொல்றார். இன்னும் ஆறு எருமை இருக்காம்.”

“ஐயோ, நான் கேட்டது உண்ணிச்செடி அண்ணே.”

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். அன்றிலிருந்து நமக்குள் அந்தச் செடி வங்காளிப் பெயரிலேயே புட்டுஸ் ஆனது.

மரத்தடியில் ஆறு டம்ளர், புட்டுஸ் அடியில் ஆறு. விளிம்பு தரைமட்டத்துக்கு இருக்கும்படி புதைத்து, உள்ளே சோப்புத் தண்ணீர். ஊர்ந்து போகிறது எதுவோ அது விழும். விழுந்ததைத் தினமும் நான் குழிக்கொரு குப்பியில் எடுப்பேன், நீங்கள் எண்ணி நோட்டில் எழுதுவீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் மரத்தடிக் குப்பிக்கு ஒரு முடிச்சு, புட்டுஸ் குப்பிக்கு இரண்டு முடிச்சு என்று நூல் கட்டினேன். மரத்தடியில் கருவண்டு, மரவட்டை, சிலந்தி என்று தினமும் விழுந்தது. புட்டுஸ் அடியில் எறும்பு, எறும்பு, மறுபடி எறும்பு. பூவிலோ பட்டாம்பூச்சி மொய்க்கும். “மேல கல்யாணக் கூட்டம், கீழ பூட்டின வீடு” என்பீர்கள்.

உங்கள் பேராசிரியர் பூவில் பட்டாம்பூச்சிகளை மட்டும் பார்த்துவிட்டு, கீழேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வந்தவர். நோட்டைப் புரட்டிவிட்டு, “எழுதப் படிக்கத் தெரியாத ஆள் குப்பிகளை மாற்றியிருப்பான். கணக்கு செல்லாது” என்று வங்காளியில் சொன்னார். மழை விடப் போகிற நேரம். இது செல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு வருஷமே போச்சு. நீங்கள் குடையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றீர்கள்.

நான் சொன்னேன்: “நோட்டு உங்க கையிலயே இருக்கட்டும் சார். குழியைக் காட்டுங்க, நேத்து என்ன விழுந்துதுன்னு நான் சொல்றேன்.”

அவர் ஒவ்வொரு குழியாகக் குடைக்கம்பால் தொட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து குழி சரியாக இருந்தது. பதினொன்றாவது மகிழ மரத்தடி.

“கருவண்டு நாலு. மரவட்டை ஒண்ணு.”

“நோட்டில் மூன்று” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி.

“அண்ணே, மூணுதான்” என்றீர்கள், மெதுவாக.

“நாலு தீதி. ஒண்ணுக்குப் பின்னங்கால் கிடையாது.”

குப்பியைத் தட்டில் கவிழ்த்தார். “ஏக், துய், தீன்” என்று இடுக்கியால் தள்ளினார். ஒரு மக்கிய இலை மிச்சம். அதைப் புரட்டினார். அடியில் ஒட்டிக்கிடந்தது, காலில்லாத வண்டு. அதையும் மற்ற மூன்றோடு தள்ளிவிட்டு, “சார்ட்டே” என்றார், நாலு. பன்னிரண்டாவது குழியை அவர் கேட்கவே இல்லை.

நீங்கள் மூன்றை அடித்துவிட்டு, பென்சிலை என் கையில் கொடுத்தீர்கள். “நீங்களே போடுங்கண்ணே.” எண் எழுதத் தெரியாத நான் நாலு கோடு போட்டேன். அது அப்படியே உங்கள் நோட்டில் இருந்தது.

இன்று காலை தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இரண்டு எறும்பு. மருமகள், “என்ன தேடுறீங்க?” என்றாள். “வீடு பூட்டியிருக்கான்னு பாக்கறேன்” என்றேன்.

முடிவில் கையெழுத்து வைக்கச் சொல்கிறாள். எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான், தீதி. பார்த்தால் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

| | | |