புதிதாக வந்தவர் குடம்

அக்கா,

எங்கள் தெரு முனையில் மறுபடியும் ஒரு கட்டடம் எழும்புகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிக்கு முன்னால் ஈரச் சிமெண்டு வாசனைதான் உள்ளே வருகிறது. புதுச் சுவரில் சாக்கைச் சுற்றி ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். வெளியூர்க்காரர்கள் ஏற்காடு என்றதும் காப்பிப் பூவைச் சொல்வார்கள், மிளகைச் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரின் வாசனை நனைந்த சிமெண்டுதான். நான் வந்த நாளிலிருந்து இந்த ஊர் தன்னைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. உங்கள் நினைவும் அந்த வாசனையோடுதான் வருகிறது. கேட்டால் விடமாட்டீர்கள். "மத்தவங்களுக்கு எல்லாம் மல்லிப்பூ, எனக்கு மட்டும் சிமிண்டா?" என்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. சின்னச் செய்திதான். ஆனால் அதைச் சொல்ல ஊற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஆத்தூரிலிருந்து மேலே வந்தபோது, பஸ் நிற்கும் ஒண்டிக்கடைக்கு மேலே இருந்த சரிவில் நம் வரிசை வீடுகள் மட்டும்தான். எனக்குத் தபால் ஆபீசில் வேலை, என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நீங்கள் இரண்டு வீடு தள்ளி இருந்தீர்கள். பள்ளிக்கூட விடுதியின் மேட்ரன் என்றார்கள். உங்கள் குரலை முதலில் கேட்டேன், முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

வீடுகளுக்குப் பின்னால் பாறை இடுக்கில் கசியும் அந்த ஊற்று. கீழே கல் கட்டிய சின்னத் தொட்டி. செம்பால் மொண்டு ஒரு குடத்தை நிரப்பினால், அடுத்த குடத்துக்குத் தண்ணீர் சேரக் காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தாம் நின்றன. குடத்தை வைத்துவிட்டு அவரவர் சமையலைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஊற்றடிக்கு எதற்காகவோ வருகிறவர், முன்னால் இருப்பது யார் குடமானாலும் நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுப் போவார். இந்த ஏற்பாடு எதுவும் தெரியாமல் நான் என் இரண்டு குடங்களோடு கடைசியில் போய் நின்றேன்.

"ஏனுங்க, நீங்கதான போஸ்டாபீசுக்கு வந்திருக்கறவங்க? ஊட்டுல டிரம்மு இருக்குதுங்களா?" என்று உங்கள் குரல் வந்தது.

"இல்லீங்க. இந்த ரெண்டு கொடந்தான்."

"அப்பறம் அங்க எதுக்கு நிக்கறீங்க? கொண்டாந்து இந்தக் கல்லு மேல வெய்ங்க."

தொட்டியை ஒட்டி ஒரு தட்டைக்கல் தனியாகக் கிடந்தது. புதிதாக வந்த குடும்பத்தின் குடத்துக்கு அதுதான் இடம். கல்லில் இருக்கும் குடம்தான் முதலில் நிரம்பும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம் வாங்குகிற வரைக்கும் அந்தச் சலுகை, பிறகு எல்லோரையும்போல வரிசை. என்னை முன்னால் விட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. "போஸ்டாபீசுக்காரங்க முன்னால போனாத்தான் நம்ம கடுதாசி வெரசா வரும்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணமாகிப் புது ஊருக்கு வந்திருந்த எனக்கு அந்தக் கல் ஒரு நாற்காலியைப்போல இருந்தது.

அது உங்கள் ஏற்பாடு என்று பின்னால்தான் தெரிந்தது. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அதற்குள் நான் உங்களுக்குக் 'கண்ணு' ஆகியிருந்தேன். "ஹாஸ்டல்ல வருசா வருசம் பாக்கறனே கண்ணு. பழைய பிள்ளைகளுக்குத் தட்டு எங்க, சோறு எங்க, ஒளிஞ்சு அழுவறதுக்கு எடம் எங்கன்னு எல்லாம் தெரியும். புதுப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு மொதல்ல போடோணுமா இல்லையா?"

அந்தக் கல்லின்மேல் வந்த குடங்களைக் கொண்டே இந்த ஊர் வளர்ந்த விதத்தைச் சொல்லிவிடலாம். ஏரிக்கரையில் படம் பிடிக்க வந்த போட்டோக்காரர் வீட்டுக் குடம். பேக்கரி போட வந்தவர் வீட்டுக் குடம். லாட்ஜில் சமைக்கச் சேலத்திலிருந்து வந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மலைக்கிராமமான வெள்ளக்கடையிலிருந்து வந்தவர்கள், தையல் மிஷினோடு வந்த அக்காவும் தங்கையும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களும் அந்தத் தொட்டியிலிருந்துதான் குடித்தார்கள். சேலத்தில் என் உறவுக்காரர்கள் "மலை மேல அப்படி என்னதான் இருக்குது?" என்று கேட்பார்கள். ஏரி இருக்கிறது என்று சொல்லி வைப்பேன்.

பிறகு அந்தக் கோடை வந்தது. முந்தைய வருடம் மழை பொய்த்துவிட்டது. ஏற்காட்டில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் கீழே யாரும் நம்பமாட்டார்கள். பெய்கிற மழையெல்லாம் நம் கூரையைத் தொட்டுவிட்டு அவர்களிடம்தான் ஓடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அதே கோடையில்தான் நம் சரிவுக்குக் கீழே பெரிய லாட்ஜ் ஒன்று கட்ட ஆரம்பித்தார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து தகரக் குடிசை போட்டார்கள். ஒரே நாளில் வரிசையின் கடைசியில் அவர்களுடைய மண்குடங்களும் பிளாஸ்டிக் குடங்களும் வந்து நின்றன.

நம் வரிசையில் முதல் தடவையாகச் சண்டை வந்தது அன்றைக்குத்தான். மளிகைக்கடைக்காரர், நல்ல மனிதர்தான், கொதித்துப்போனார்.

"ஏனுங்க மேட்ரனம்மா, ஒண்ணு ரெண்டு குடும்பம்னாச் சரி. இது ஒரு ஊரே வந்திருக்குது. வேலை முடிஞ்சா எறங்கிப் போறவங்க. அவங்கள முன்னால விட்டுட்டு நாம பல்லு வெளக்காம நிக்கறதா?"

"நீங்க வந்தப்ப எறங்கிப் போக மாட்டீங்கன்னு நாங்க எழுதி வாங்குனமாங்க?"

"அதில்லீங்க…"

"அவங்க ஊட்டுல டிரம்மு இருக்குதா? இல்லைல்ல. அப்பக் கல்லு மேல வெய்ங்க."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தோம். அவர்கள் விடிவதற்குள் குடங்களை வரிசையில் விட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அவற்றை எடுத்துக் கல்லின்மேல் தனியாக வைத்து நிரப்பினோம். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தது. பிறகு ஒரு காலையில் அந்தக் குடங்கள் வரவில்லை. மறுநாளும் இல்லை. "அவங்களே வேற எடம் பாத்துக்கிட்டாங்க. நல்லதாப் போச்சு" என்றார் கடைக்காரர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கோயிலிலிருந்து வெள்ளைச் சேலையில் வந்துகொண்டிருந்தீர்கள், நான் காய்கறி வாங்க இறங்கினேன். ஒண்டிக்கடையில் சேலம் பஸ்ஸுக்காக ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் இரண்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, துவைத்துப் போட்ட துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் போய் அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தீர்கள். நீர் வற்றிய தோலில் மடிப்பு அப்படியே நின்றது.

"எத்தன நாளா வயித்தால போவுது?"

"முந்தாநேத்துல இருந்துங்க."

பஸ் வர நேரமிருந்தது. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் முன்னால் போய் நின்றீர்கள்.

"எடமில்லீங்க மேட்ரனம்மா, பூராப் பழமுங்க" என்றான் டிரைவர்.

"பழம் நாளைக்கும் பழந்தான் சாமி. எறக்கி வெய்யி."

இறக்கினான். டீக்கடையில் காய்ச்சிய தண்ணீர் வாங்கி, உப்பும் சர்க்கரையும் போட்டுச் சொம்பில் எடுத்துக்கொண்டீர்கள். என்னைப் பார்த்து "ஏறு கண்ணு" என்றீர்கள். காய்கறிப் பையோடு ஏறினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மாதம்மா, கீழே லாட்ஜ் கட்ட வந்தவள். குழந்தை செல்வி. வளைவுக்கு வளைவு ஜீப் சாய, நீங்கள் விரலை நனைத்து நனைத்து அதன் நாக்கில் வைத்துக்கொண்டே வந்தீர்கள். எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று கேட்டீர்கள். கீழே ஓடைக் குட்டையில் எடுத்தது என்றாள். லாட்ஜுகளின் கழிவெல்லாம் போய்ச் சேரும் குட்டை அது.

"ஏம்மா, மேல நல்ல ஊத்து இருக்கறப்ப அந்தத் தண்ணிய எதுக்கும்மா மொண்டீங்க?"

மாதம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க வராதீங்கன்னு வாயால சொல்லலீங்க. எல்லாக் கொடமும் ஒண்ணா நின்னுச்சு. தண்ணி ரொப்பித்தான் இருந்துச்சு, ஆனா எங்க கொடத்த மட்டும் எடுத்துத் தனியாக் கல்லு மேல வெச்சிருந்துச்சு. எங்கூர்ல அப்பிடித் தனியா வெச்சா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியுமுங்க. பேச்சு வாங்கறதுக்கு முன்னால நாங்களே எடுத்துக்கிட்டோம்."

எனக்கு வாய்வரை வந்தது. அது மரியாதைக்கான கல், நானும் அதில் வைத்தவள்தான் என்று சொல்லிவிடத் துடித்தேன். நீங்கள் என் கையை அழுத்திப் பிடித்தீர்கள். உங்கள் ஏற்பாட்டுக்காக ஒரு சொல்கூட நீங்கள் வாதாடவில்லை. குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "முழுங்குதும்மா. பாரு, முழுங்குது" என்று மட்டும் சொன்னீர்கள். அடிவாரம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். மாதம்மாவுக்குச் சொல்கிறீர்களா, உங்களுக்கே சொல்லிக்கொள்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்ததும் நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தின்றுகொண்டிருந்த பன்னைக் கேட்டது. நீங்கள் வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தீர்கள்.

மறுநாள் காலை ஊற்றடியில் நடந்ததை நான் இப்போதும் அப்படியே பார்க்கிறேன். நடந்ததைச் சொன்னீர்கள். கடைக்காரர் கைகளை விரித்தார்.

"அவங்க தப்பா நெனச்சுக்கிட்டா நாம என்னங்க பண்றது? நாம நல்லதுதான செஞ்சோம்?"

"கொடத்தத் தூக்கி வெச்சமே, ஒரு வார்த்தை பேசுனமா? நானும் பேசலீங்க. கல்லு பேசும்னு விட்டுட்டேன். அது நம்மகிட்ட ஒண்ணு பேசுது, அவங்ககிட்ட ஒண்ணு பேசுது."

பிறகு உங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே குடிசைகளுக்கு இறங்கினீர்கள். திரும்பி வரும்போது இன்னொரு பெண்ணும் கூட வந்தாள். இரண்டு குடங்களையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற மாதிரி வரிசையின் முன்னால் வைத்தீர்கள். அன்றிலிருந்து அதுவே முறையானது. பழைய வீட்டுக் குடம் ஒன்று, புது வீட்டுக் குடம் ஒன்று, ஜோடியாக. பழைய வீட்டுக்காரி நேரில் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும். மளிகைக்கடைக்காரர் தன் வீட்டுக் குடத்தைத் தேடிக்கொண்டு வந்தார். "அது மேஸ்திரி ஊட்டுக் கொடத்தோட சோடி சேந்து நிக்குது, போய்ப் பாருங்க" என்றார் அவர் மனைவி. அவர் ஊற்றையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் எல்லோருக்குமே தண்ணீர் குறைந்தது. நீங்கள் எதையும் பெருக்கித் தரவில்லை. துணியைத் துவைக்காமல் உதறிக் கட்டினோம், ஒரே தண்ணீரில் அரிசியும் பருப்பும் கழுவினோம். ஆனாலும் ஜூனில் முதல் மழை இறங்கியபோது கீழ்க்குடிசைகள் அப்படியே இருந்தன. லாட்ஜ் கட்டி முடித்த பிறகும் பாதிக் குடும்பங்கள் இறங்கிப் போகவில்லை. மாதம்மாவும் போகவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய். நம் சரிவில் கூரைகளை எண்ணி முடிக்க முடியாது. லாட்ஜ் பெயர்ப்பலகைகள் ஒன்றையொன்று மறைக்கின்றன, சீசனில் வண்டிகள் ஒலிக்காத நேரமில்லை. ஊர் கெட்டுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை, அக்கா. ஆட்கள் வந்து சேர்ந்ததால் உண்டான ஊரில், இன்னும் வருகிறவர்களைப் பார்த்து எப்படிச் சொல்வது? உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. யாருக்காவது ஏதாவது செய்யப் போனால் முதலில் பேசிவிடுகிறேன். கவுண்டரில் தயங்கி நிற்கிற புது முகத்தைப் பார்த்தால், வேலையைச் செய்துகொடுப்பதற்கு முன்னால் இரண்டு வார்த்தை. "போஸ்டாபீசம்மா நொம்பப் பேசுது" என்று எனக்குப் பெயர்கூட வந்துவிட்டது.

இனிச் செய்தியைச் சொல்கிறேன். போன வாரம் செல்வி தபால் ஆபீசுக்கு வந்திருந்தாள். இரட்டைச் சடை, உயரமாகிவிட்டாள். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பப் போகிறாளாம். ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் பையன் பேச்சுக்குக் கேட்டான்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"ஏற்காடுங்க."

"அது தெரியுது. சொந்த ஊரு?"

"அதாங்க, ஏற்காடு."

"அப்பா அம்மாவுக்கு?"

அவள் அவனைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். "அவங்களுக்கும் இதேதானுங்க" என்றாள். பொய் சொல்கிற முகமில்லை அது. அந்த வீட்டில் வேறு ஊர்ப் பேச்சே இல்லாமல் போயிருக்கிறது.

நான் முத்திரை குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் யாராவது ஊர் கேட்டால் ஆத்தூர் என்றுதான் என் வாயில் வரும். ஏற்காட்டை வேலை பார்க்கிற இடம் என்பேன். மறுநாள் சேலம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் வழக்கம்போல "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். ஏற்காடு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மடியிலிருந்த கூடையைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. நான்தான் அடிவாரம் வரும்வரை, சொன்னதை மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.