முன்பக்கம் மட்டும் அடிபட்ட வண்டி

பிப்ரவரி 9

காலையில் ஒரு சின்னக் காரை ஆய்வு செய்துவிட்டு வந்தேன். வலது விளக்கில் விரிசல், பம்பரில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் கொடுத்த மதிப்பீட்டைப் பார்த்தால் பாதி வண்டியையே மாற்றுகிறார்களோ என்று தோன்றியது. நான் இந்த இன்சூரன்ஸ் வேலைக்கு வந்த புதிதில் விளக்கின் கண்ணாடியை மட்டும் மாற்றுவார்கள். பள்ளத்தைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. இப்போது விளக்கு என்றால் முழு விளக்கு, அதற்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டு. பம்பருக்குள் சென்சார். மாட்டிய பிறகு எல்லாம் வேலை செய்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கத் தனிக் கூலி. அன்று ஒரு வண்டியின் முகத்தையே மாற்றிய காசுக்கு இன்று ஒரு கண் வாங்கலாம்.

வண்டிக்காரர் என்னைப் பிடித்துத் திட்டினார். நானா விலை வைத்தேன்? திட்டு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது.

பிப்ரவரி 17

மழை. வரிசையாக வண்டிகள். முதுகு வலி.

பிப்ரவரி 20

அக்கா போன் செய்தாள். அத்தானின் வாடகைக் கார் சிக்னலில் முன்னால் நின்ற லாரியில் இடித்துவிட்டதாம். அடித்துப் பிடித்து ஓடினேன். அத்தானுக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். வண்டிக்கும் முன்பக்கம் மட்டும்தான் அடி. சாவியைத் திருகினால் இன்ஜின் உடனே பேசுகிறது. அந்த வீட்டுக்குச் சோறு போடுவதே அந்த வண்டிதான்.

"தெரிஞ்ச டிங்கர் கடை இருக்கு மாப்ள. விட்டா சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுவான்" என்றார் அத்தான்.

நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, "அங்க எதுக்கு அத்தான்? கார் கம்பெனி ஒர்க்‌ஷாப்லயே விடுங்க. இன்சூரன்ஸ்தானே குடுக்குது, எல்லாம் புதுசாவே போட்டுக்கலாம்" என்றேன். அக்கா முகம் தெளிந்தது. தம்பி இருக்கிறான் என்ற தெளிவு.

பிப்ரவரி 22

சொந்தக்காரர் வண்டியை நான் ஆய்வு செய்யக் கூடாது. அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிருக்கிறது. கறார் ஆசாமி. அதனால் ஒர்க்‌ஷாப் மேனேஜரை நானே அழைத்தேன்.

"எங்க அத்தான் வண்டி. ஒண்ணு விடாம எழுதுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்."

எங்கள் தொழிலில் காலங்காலமாக இப்படித்தான். அவர்கள் தாராளமாக எழுதுவார்கள், ஆய்வாளர் வெட்டுவார், வெட்டியது போக மிஞ்சுவதில் வேலை நடக்கும். என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 27

வெட்டவில்லை.

பக்கத்து மேஜைக்காரர் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. இரண்டு விளக்கு, பம்பர், சென்சார்கள், ரேடியேட்டர், கீறல் மட்டும் விழுந்த முன் கண்ணாடி, அதற்குப் பின்னால் இருக்கும் கேமரா — மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். எல்லாம் சேர்ந்து, வண்டியின் இன்றைய மதிப்பில் முக்கால்வாசியைத் தாண்டிவிட்டது. தாண்டினால் பழுதுபார்க்க மாட்டார்கள். டோட்டல் லாஸ். இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு, தேய்மானம் போக மிச்ச மதிப்பைக் கையில் கொடுத்துவிடும்.

இது எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் தினமும் நான் சொல்கிற விதிதானே? முன்பெல்லாம் வண்டி இரண்டாய் மடிந்தால்தான் அந்தக் கோட்டைத் தாண்டும். இப்போது மூக்கு உடைந்தாலே தாண்டிவிடுகிறது. விலை ஏறியதைப் பற்றி இதே நோட்டில் புலம்பிவிட்டு, பழைய காலத்துக் கணக்கில் போனை எடுத்திருக்கிறேன். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். டிங்கர்கிட்டயே விட்டிருந்தா இந்நேரம் வண்டி ரோட்டுல ஓடிட்டிருக்கும்.

பிப்ரவரி 28

பக்கத்து மேஜைக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நீங்க சொல்லித்தான் எல்லாம் எழுதினேன்னு மேனேஜரே சொல்றாரு. உங்க அத்தான் வண்டின்னுதான் நானும் வெட்டல. இப்பக் குறைச்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும் சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 3

அத்தானிடம் சொல்லிவிட்டேன். என் போன் அழைப்பையும் சேர்த்து.

"வண்டி ஓடுது மாப்ள" என்றார். "ஓடுற வண்டி எப்படி லாஸாகும்?"

விதியைச் சொல்வதற்குப் பதிலாக, கிளெய்மே வேண்டாமென்று வாபஸ் வாங்கிக்கொண்டு டிங்கரிடம் விடலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நீ பண்ணின உதவி போதும்டா."

சாப்பிடாமல் கிளம்பினேன். சாப்பிட்டுப் போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

மார்ச் 12

வண்டியை ஏற்றிப்போக லாரியோடு ஆட்கள் வந்தார்கள். கயிறு கட்டி இழுக்கப் பார்த்தார்கள். அத்தான் விடவில்லை. தானே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, பலகையில் ஒரே ஏற்றாக ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினார். சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, துடைக்கிற துணியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. அங்கே அழ எனக்கென்ன உரிமை?

ஏப்ரல் 2

வந்த பணத்துக்கு ஓடுகிற வண்டி ஒன்றும் அமையவில்லை. பழைய வண்டிகளின் விலையும் எகிறிக் கிடக்கிறது. இதுவும் அக்கா சொல்லித் தெரிந்ததல்ல. என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

ஏப்ரல் 16

இன்றும் எடுக்கவில்லை.

மே 19

ஆய்வுக்காக அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டி வந்தது. வாடிக்கையாளர் வண்டிகளை உள்ளே வெளியே எடுத்து நிறுத்தும் ஆள், நீலச் சட்டை, கையில் சாவிக் கொத்தோடு வந்தார். அத்தான். வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மேனேஜர் பக்கத்தில் நின்றார். "வாங்க சார். வண்டி பின்னால நிக்குது" என்று சொல்லிவிட்டு அத்தான் முன்னே நடந்தார். நான் பின்னால் போனேன். நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. அக்கா எப்படியிருக்கிறாள் என்று கேட்க நினைத்து, மேனேஜர் கூடவே வந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அத்தான் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் மட்டும்தான் அடி. மேனேஜர் போன் வந்து நகர்ந்ததும் அத்தான் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வாடகை வண்டி சார். லாஸாகிடாமப் பாத்து எழுதுங்க. வண்டிக்காரர் வாசல்லதான் நிக்கிறாரு."

மேனேஜர் போய்விட்டார், அந்த 'சார்' மட்டும் போகவில்லை. நான் பேனாவைத் திறந்தேன். வேலை முடியும்வரை அவர் பானெட்டைப் பிடித்தபடியே நின்றார்.